தண்டில்லாத பூக்கள்

கொடியில் காய்ந்துகொண்டிருந்த கறுப்புச் சாக்ஸில் ஒன்றை மட்டும் உருவிக்கொண்டு ஜெனோ கிளம்பினான்.

“ஒத்தச் சாக்ஸோட வேலைக்குப் போற ஆள உங்களத்தான் பாக்கேன்,” என்றாள் மனைவி ஹெப்சிபா. “மிச்சத்த என்ன செய்ய?”

“நீ மாட்டிக்கோ. ஒத்தக் கால்ல மாட்டிக்கிட்டு ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போ. பாஸ்டர் ஐயர் பிரசங்கத்த எவனும் கேக்க மாட்டான்.”

சாக்ஸ் அவன் காலுக்கு இல்லை, கைக்கு. வாணவேடிக்கையைப் படம் எடுக்கும்போது காமிராவின் கண் வெகுநேரம் திறந்தே கிடக்கும். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவில் கறுப்புச் சாக்ஸ் மாட்டிய கையை லென்சுக்கு முன்னால் மறைத்துப் பிடிப்பான். வெடி கிளம்பும்போது கையை எடுப்பான். காமிராவைத் தொடாததால் படம் ஆடாது. அப்படி மூடித் திறந்து, மூடித் திறந்து, ஒரே படத்துக்குள் வானம் நிறையப் பூக்களை இறக்கிவிடுவான்.

“குழம்பு மிஞ்சினா சுண்ட வச்சிரு. விடிய வந்து தின்னுக்கிடுதேன்” என்று சொல்லி வண்டியைக் கிளப்பினான். அவள் தலைநிமிர்ந்து பார்க்கவில்லை. மடியில் பத்தாம் வகுப்புத் தமிழ் விடைத்தாள்கள் இருந்தன.

மறுநாள் காலையில் பொன்னாத்துக்குறிச்சிக்குக் கீழே, ஆறு திரும்பும் இடத்தில், நாணலுக்குள் அவன் கிடந்தான். பின்னந்தலையில் அடி. ஊர் இசக்கியம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு வேடிக்கை எடுக்கப் போனவன், எல்லாம் முடிந்து சாமான்களைக் கட்டும்போது இருட்டில் கால் வழுக்கிப் பாறையில் மோதி ஆற்றில் விழுந்தான் என்று போலீஸ் சொன்னது. கரையில் காமிரா நின்றது. அதில் கடைசிப் படம் இருந்தது. அந்தப் படத்தில் கடைசி வெடியான பச்சைக் குண்டும் இருந்தது. ஆக, பச்சைக் குண்டு வெடிக்கும்வரை ஜெனோ உயிரோடு இருந்திருக்கிறான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. கணக்கு முடிந்தது.

ஹெப்சிபாவுக்கு மட்டும் முடியவில்லை. காரியம் எல்லாம் ஆன பிறகு ஒரு நாள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கையில் எடுத்துக்கொண்டு, வண்ணார்பேட்டையில் ஜவுளிக்கடை மாடியில் இருந்த குமரகுருபரனின் அலுவலகத்துக்கு ஏறினாள்.

“இது அவிய எடுத்த படம் இல்ல,” என்றாள்.

குமரகுருபரன் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பொய்க் கணக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தே தலை நரைத்தவர். அந்த வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிகிறார். யாரிடமும் முகம் பார்த்துப் பேசமாட்டார். கையில் இருக்கும் காகிதத்தைப் பார்த்தபடி, அதனிடம் பேசுவதுபோலத்தான் பேசுவார். அவருக்கும் சேர்த்து எல்லோர் முகத்தையும் பார்ப்பது உதவியாளர் அலிமா பீவியின் வேலை. மேலப்பாளையத்துக்காரி. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பதால் வண்டி ஓட்டுவதும் அவள்தான்.

“போலீஸ்ல இதச் சொன்னீங்களா டீச்சர்?” என்று படத்திடம் கேட்டார் குமரகுருபரன்.

“சொன்னேன். சிரிச்சாவ.”

“சிரிக்கத்தான் செய்வாவ,” என்றாள் அலிமா பீவி. “என் நிக்காஹ்ல எடுத்த போட்டாவுல எனக்குத் தலையே விழல. தலையில்லாத பொண்ணு கேஸுன்னு ஸ்டேசன்ல போய் நிக்க முடியுமா?” சொல்லிவிட்டு ஹெப்சிபாவின் முகத்தைப் பார்த்தாள். உடனே நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உக்காரு தாயி. மொதல்ல தண்ணி குடி.”

ஹெப்சிபா பழைய படங்கள் இரண்டையும் புதிய படத்தையும் மேஜையில் பரப்பினாள். பழைய படங்களில் ஒவ்வொரு பூவும் தரையிலிருந்து எழும்பிய ஒரு மெல்லிய ஒளித்தண்டின் மேல் நின்றது. புதிய படத்தின் வலது பாதியிலும் அப்படித்தான். இடது பாதியில் இருந்த பூக்களுக்கும், உச்சியில் இருந்த பச்சைப் பூவுக்கும் தண்டு இல்லை. நடுவும் இல்லை. இதழ்கள் மட்டும் ஒரு வெறும் இருட்டைச் சுற்றி நின்றன.

குமரகுருபரன் மூன்று படங்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார். “வெடி செஞ்ச ஆளப் பாக்கணும்,” என்றார்.

*

வெடி செய்யும் பூதத்தானின் கொட்டகை ஊருக்கு வெளியே, பனைவிளைக்குள் தனியாக இருந்தது. வந்த மூன்று பேரையும் வாசலிலேயே பீடியை அணைத்துவிட்டு வரச் சொன்னார்.

“நான் பீடி குடிக்கிற ஆளு மாதிரியா தெரியுது அண்ணாச்சி?” என்றாள் அலிமா பீவி.

“உள்ள வாற எல்லாருக்கும் சொல்லுறது. போன வருசம் ஒரு சாமியார் வாயில சுருட்டோட வந்தாரு.”

படத்தைக் கையில் வாங்கியதும் பூதத்தானின் முகம் சுருங்கியது. தன் பிள்ளைக்கு எவனோ மொட்டை அடித்துவிட்டான் என்பதுபோலப் பார்த்தார்.

“வால எவன் வெட்டுனான்?”

“வாலா?”

“தண்டுன்னு சொல்லுதியளே, அதான். குண்டுக்கு அடியில வால் கட்டுவேன். அது தீப்பொறி சிந்திக்கிட்டே மேல போவும். வால் இல்லாத குண்டு என் கையால வெளிய போனதே இல்ல. வால் இல்லன்னா ஊர்க்காரனுவ நாய் சுடுததுக்கா வெடி வாங்குனோம்னு ஏசுவானுவ.”

“எல்லாக் குண்டுக்கும் கட்டினீங்களா? பச்சைக்கும்?”

“பச்சை அம்மனுக்கு உள்ளது வே! அதுக்கு ரெட்டை வால்.”

குமரகுருபரன் தலையசைத்தார். “அப்ப வானத்துல தண்டு இருந்திருக்கு. படத்துல இல்ல. தண்டு மேல போகும்போது லென்ஸ் மூடியிருந்திருக்கு. பூ விரிஞ்ச பிறகுதான் கை விலகியிருக்கு. நடுவு ஓட்டையா இருக்கதும் அதனாலதான். விரிய ஆரம்பிச்சப்பவும் மூடிதான் இருந்திருக்கு.”

“அவிய அப்படி எடுக்கவே மாட்டாவ,” என்றாள் ஹெப்சிபா. “சத்தத்த வச்சுத்தான் கைய எடுப்பாவ.”

“என்ன சத்தம்?”

பூதத்தான் முந்திக்கொண்டார். “குண்டு குழாய விட்டுக் கிளம்புறப்ப ‘குப்’புன்னு ஒரு சத்தம் வரும். மேல வெடிக்கிற சத்தத்துல ஊருக்கு அது தெரியாது. எங்களுக்குத் தெரியும். ஜெனோ தம்பிக்கும் தெரியும். ‘அண்ணாச்சி, உம்ம குழாய் எனக்கு மணி அடிக்குது’ன்னு சொல்லும்.”

குமரகுருபரன் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். “இது யாருக்கெல்லாம் தெரியும் டீச்சர்?”

“எங்க அண்ணனுக்குத் தெரியும். அருமைநாயகம். இந்த வித்தையக் கண்டுபிடிச்சதே அவன்தான். அவியளும் அண்ணனும் சேர்ந்துதான் ஸ்டூடியோ வச்சிருக்காவ.” சொன்ன பிறகுதான் ‘வச்சிருக்காவ’ என்ற நிகழ்காலம் அவள் காதில் விழுந்தது. திருத்தவில்லை.

*

காமிரா நின்ற இடத்தில் ஸ்டாண்டுக் கால்களின் தடம் இன்னும் இருந்தது. ஈரத்தில் பதிந்து, காய்ந்து, மூன்று குழிகள். தாமிரபரணி பகல் வெயிலில் ஒரு பாவமும் அறியாததுபோல ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நீர்க்காகம் முங்கி எழுந்தது. ஹெப்சிபா வந்ததிலிருந்து தண்ணீரைப் பார்க்காமலே நின்றாள்.

குமரகுருபரன் மூன்று குழிகளுக்குப் பின்னால் போய் நின்று, ஒரு கையை உயர்த்தி, இல்லாத லென்ஸை மறைத்துப் பிடித்தார். பார்ப்பதற்கு யாரையோ ஆசீர்வதிப்பதுபோல இருந்தது.

“சார், கோழி பிடிக்கவா நிக்கிய?” என்றாள் அலிமா பீவி. குரலில் வழக்கமான தெம்பு இல்லை.

“குழாய் அந்தப் புளிய மரத்துக்கு அங்கன இருந்திருக்கு. குண்டு மேல போறது இங்கிருந்தே நல்லா தெரியும். சத்தம் தெரியாதவனா இருந்தாலும் வானத்தப் பாத்துக்கிட்டு நின்னா, பாதித் தண்டாவது விழுந்திருக்கணும். ஒரு துளிகூட விழல. ஏன் அக்கா?”

“வானத்தப் பாக்கல,” என்றாள் அலிமா பீவி.

“ஆமா. வெளிச்சம் வந்த பிறகுதான் வெடி வெடிச்சதே அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. மேல பாக்கலன்னா, அவன் எங்க பாத்துக்கிட்டு நின்னான்?”

மூன்று பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். ஹெப்சிபாவும் அப்போதுதான் ஆற்றைப் பார்த்தாள். நீரின்மேல் ஒவ்வொரு முறையும் சிவப்பும் மஞ்சளும் விழுந்திருக்கும். அந்த வெளிச்சத்தில் தண்ணீரைத் துழாவியபடி, ஏதாவது எழும்புகிறதா என்று பார்த்தபடி, ஒருவன் இங்கே நின்று கையைத் தூக்கித் தூக்கி இறக்கியிருக்கிறான்.

“யா அல்லாஹ்,” என்றாள் அலிமா பீவி. “தள்ளிவிட்டுட்டு நின்னு போட்டாவும் எடுத்திருக்கான்.”

“எடுத்தே ஆகணும். பச்சைக் குண்டு படத்துல இருந்தாத்தான் ஜெனோ அதுவரைக்கும் உயிரோட இருந்த மாதிரி ஆகும். அது முடிஞ்ச உடனே இவன் ஓடிப்போய்க் கூட்டத்துக்குள்ள நின்னுக்கிடலாம். வேடிக்கை நடக்கும்போது பக்கத்துல நிக்கது யாருன்னு எவனுக்கும் தெரியாது. எல்லாக் கழுத்தும் மேல.”

“கூட்டத்துல யார் யார் நின்னாவ?” என்றாள் ஹெப்சிபா. தன் குரல் எங்கிருந்தோ வருவதுபோல இருந்தது. “அண்ணன் நின்னான். கோயிலுக்கு வீடியோ எடுத்தது அவன்தான். பச்சை வெடிச்ச உடனே வில்லுப்பாட்டு மேடைக்கு முன்னால வந்து நின்னான்னு எல்லாரும் சொல்லுதாவ.”

குமரகுருபரன் தடத்தைப் பார்த்தபடியே சொன்னார். “உங்க அண்ணன நானும் நினைச்சேன் டீச்சர். மறைக்கல. ஆனா அவர் இல்ல. சத்தத்தக் கேட்டுக் கைய எடுக்கது அவர் கண்டுபிடிச்ச வித்தை. ஆத்தப் பாத்துக்கிட்டே நின்னாலும், ‘குப்’புன்னு கேட்டா அவர் கை தானா விலகியிருக்கும். தண்டு விழுந்திருக்கும். இந்தப் படம் அவர விடுதலை பண்ணுது. இது தொழில் தெரியாத எவனோ.”

ஹெப்சிபா அங்கேயே மணலில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் தன் நெஞ்சுக்குள் அந்தப் பயம் இருந்திருக்கிறது என்பது, அது இறங்கியபோதுதான் தெரிந்தது. இந்த உலகத்தில் அவளுக்கு மிஞ்சியிருப்பது அண்ணன் ஒருவன்தான்.

*

மூன்று பேரும் ஹெப்சிபாவின் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்தபோது அருமைநாயகம் முன்னறையில் இருந்தார். அவரிடம் ஒரு சாவி உண்டு. மேஜையில் ரொட்டியும் பழமும் வாங்கி வைத்திருந்தார். தங்கையைக் கண்டதும் எழுந்து வந்து அவள் முகத்தையே பார்த்தார்.

“எங்கட்டி போன? வெயில்ல முகம் கறுத்துப்போச்சு. சாப்ட்டியா?”

ஜெனோ போன நாளிலிருந்து அண்ணன் இப்படித்தான். முன்பெல்லாம் பேச்சை ஜெனோவிடம் விட்டுவிட்டுச் செய்தித்தாளுக்குள்ளேயே இருக்கிறவர், இப்போது அவள் வாய் திறந்தால் கண்ணெடுக்காமல் பார்க்கிறார். துக்கம் மனுசனை எவ்வளவு மாற்றிவிடுகிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

வந்தவர்களை அறிமுகப்படுத்தினாள். அருமைநாயகம் கும்பிட்டு, அடுக்களைக்கு முதுகு காட்டும் நாற்காலியில் உட்கார்ந்தார். ஹெப்சிபா காப்பி போட உள்ளே போனாள்.

குமரகுருபரன் வழக்கம்போலப் படத்தைப் பார்த்தபடி கேட்டார். “நீங்க இப்ப வேடிக்கை எடுக்கப் போறதில்லையாமே சார், ஏன்?”

பதில் இல்லை.

“சார் அவ்வொ படத்துக்கிட்ட கேக்கல, உங்ககிட்டதான் கேக்காவ,” என்றாள் அலிமா பீவி, அவர் முகத்துக்கு நேராக.

“ஓ! என்ன கேட்டாவ?”

“வேடிக்கை எடுக்கத விட்டுட்டியளான்னு.”

“ரெண்டு வருசம் இருக்கும். புகை ஒத்துக்கிடல. மச்சான்தான் எடுப்பான்.”

அடுக்களையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. ஹெப்சிபா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வேறு ஏதேதோ ஒன்றன்பின் ஒன்றாக நினைவில் வந்து நின்றன. அண்ணன் போனை எடுப்பதில்லை; எத்தனை தடவை அடித்தாலும் வாட்ஸ்அப்பில்தான் பதில் எழுதுவான். ஸ்டூடியோவுக்குக் கல்யாண வீட்டார் வந்தால் பேசுவது ஜெனோதான். கோயிலில் பாட்டு நம்பர் சொன்னால் பக்கத்திலிருப்பவர் புத்தகத்தை எட்டிப் பார்த்துத்தான் பக்கத்தைத் திருப்புவான். இருபது வருசத்துக்கு மேல் வெடிக்குழாய்களுக்குப் பக்கத்தில் நின்றே படம் எடுத்தவன்.

தொழில் தெரியாதவன் கைக்கும், தொழில் தெரிந்தும் அந்தச் சத்தம் எட்டாதவன் கைக்கும், படத்தில் என்ன வித்தியாசம் இருக்கும்?

அவள் அடுப்பை அணைத்தாள். முன்னறைக்கு வந்து அண்ணனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவர் தலைமுடி கழுத்தருகே நரைத்திருந்தது. அவர் குனிந்து ரொட்டியைப் பிய்த்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே,” என்றாள், வகுப்பில் பேசும் குரலில். “நீதான அவியள ஆத்துல தள்ளிவிட்ட?”

அலிமா பீவியின் கை வாய்க்குப் போனது. குமரகுருபரன், அன்றைக்கு முதல் முறையாக, காகிதத்தை விட்டுத் தலையை நிமிர்த்தினார்.

அருமைநாயகம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். “சீனி கம்மியா போடச் சொல்லணும்,” என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரித்தார். “தங்கச்சிக்குக் கை தாராளம்.”

எதிரே இருந்த இரண்டு முகங்களும் தன்னைத் தாண்டிப் பின்னால் பார்ப்பதை அவர் மெதுவாகத்தான் கவனித்தார். சிரிப்பு நின்றது. ஹெப்சிபா சுற்றிவந்து அவர் முன்னால் மண்டியிட்டு, முகத்துக்கு நேரே முகம் வைத்து, அதே சொற்களை அதே குரலில் மறுபடி சொன்னாள்.

இந்த முறை அவர் அவள் உதடுகளைக் கடைசிச் சொல்வரை பார்த்தார்.

ரொட்டித் துண்டைத் தட்டில் பைய வைத்தார்.

“எப்பம் தெரிஞ்சுது?” என்றார்.

“இப்பம்தான்.”

“காது போய் ரெண்டு வருசம் ஆச்சு. மச்சானுக்கு மட்டும் தெரியும். வருசா வருசம் காலண்டருக்கு எம்பேர்ல போற வேடிக்கைப் படமெல்லாம் இந்த ரெண்டு வருசமா அவன் எடுத்தது. அவனும் அதுல ஒண்ணும் இல்லன்னுதான் இருந்தான். அன்னைக்கு நான் வீடியோவ ஸ்டாண்டுல ஓடவிட்டுட்டு ஆத்துப் பக்கம் போனேன். ‘இந்த வருசத்துலருந்து எம்பேர் போட்டுக்கிடுதேன் அத்தான், நீயும் ஒரு டாக்டரப் பாரு, எத்தன நாள் மறைப்ப?’ன்னு கேட்டான். வெடி வெளிச்சத்துல அவன் வாய் நல்லா தெரிஞ்சுது. சிரிச்சிக்கிட்டுத்தான் சொன்னான்.” தன் கைகளைப் பார்த்தார். “ஊர் பூரா வாணவேடிக்கை அருமைநாயகம்னுதான் என்னைச் சொல்லும். அது போயிட்டா நான் யாரு? ஒரு தள்ளு. அவ்வளவுதான். எழும்புவான் எழும்புவான்னு பாத்தேன்.”

“எழும்பினா என்ன செஞ்சிருப்ப?”

அதை அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள். அவருக்கு அது கேட்கவில்லை. அவள் திரும்பக் கேட்கவும் இல்லை.

குமரகுருபரன் படத்தை மேஜைமேல் வைத்தார். “இந்தப் பூவுக்கெல்லாம் தண்டு இல்ல சார்,” என்றார், இந்த முறை அவர் முகத்தைப் பார்த்து.

அருமைநாயகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தன் கை எடுத்த படத்தில் இருந்த குறை அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. ஒரு கணம் அவர் முகத்தில் இருந்தது பயம் இல்லை, வெட்கம்.

“போவோம்,” என்று சொல்லி எழுந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அலிமா பீவி ஒரு பகடியும் சொல்லாமல் வாசல் கதவைத் திறந்துவிட்டாள்.

*

ஸ்டேஷனில் ஹெப்சிபாவின் வாக்குமூலத்தை எழுதிய பெண் ஏட்டு வயதில் சின்னவள். ஹெப்சிபாவிடமே ஒரு காலத்தில் படித்தவளாகக்கூட இருக்கலாம். கேள்விகளைத் தாழ்ந்த குரலில்தான் கேட்டாள். பெயர், தகப்பனார் பெயர், வேலை எல்லாம் முடிந்து, பேனாவை ஒரு கணம் நிறுத்தினாள்.

“எதிரி உங்களுக்கு என்ன உறவு டீச்சர்?”

அலிமா பீவி ஹெப்சிபாவின் தோளில் கை வைத்தாள். வெளியே, நிறுத்தியிருந்த ஜீப்புக்குள் அருமைநாயகம் உட்கார்ந்திருப்பது சன்னல் வழியே தெரிந்தது. யாரோ அவரிடம் ஏதோ கேட்க, அவர் அந்த ஆளின் வாயைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணன்,” என்றாள் ஹெப்சிபா. “கூடப்பிறந்த அண்ணன்.”